அரசாங்கம் கேட்காது

கோரைப்பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்ப்பதற்காக அரசாங்கம் ஒரு கல் நட்டிருந்தது. கல் அரசாங்கத்தினுடையது. கல்லுக்குப் போகும் வழி சின்னாத்தாளினுடையது. இதனால் தொண்ணூற்று மூன்றாம் வருடம் கோவைக்கு மேற்கே வெள்ளத் தடுப்புப் பணி என்ன பாடுபட்டது என்பதை நடந்தது நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த வழி சின்னாத்தாளுக்குச் சொந்தமான கதை. அவருடைய கணவர் காளிச்சாமி கோவையில் கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் வார்ப்பட வேலை செய்தவர். பவுண்டரியை மூடியபோது கிடைத்ததைக் கொண்டு செம்மாண்டாம்பாளையத்துக்குப் பக்கத்தில், பள்ளத்தை ஒட்டி, ஒரு ஏக்கர் வாங்கினார்கள். இரண்டு பேர் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்டவை. சின்னாத்தாள் பிறந்ததே பண்ணையக்காரர் தோட்டத்துச் சாளைக் குடிசையில்தான். அந்தச் சாளைக்குள் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நாயைத் தேடிக்கொண்டு வருவார்கள், மண்வெட்டியைத் தேடிக்கொண்டு வருவார்கள். கல்யாணமாகி டவுனுக்குப் போனால் அங்கே லைன் வீடு. விளக்கை அணைத்தாயிற்றா என்று பார்க்க வீட்டுக்காரர் திடுதிப்பென்று உள்ளே வந்து நிற்பார்.

ஆகவே சொந்த நிலம் என்று ஆனதும், கிணற்றுக்கு மோட்டார் வைப்பதற்கு முன்னால், வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்கு முன்னால், சின்னாத்தாள் ஒரு கேட் வைத்தார். சுற்றிலும் கிளுவை வேலி முள்ளோடு அடர்ந்து நின்றது. காளிச்சாமி பழைய கூட்டாளிகளிடம் சொல்லி இரும்பில் கேட் செய்து கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குப் பூட்டுக் கிடையாது, கொண்டி மட்டும்தான். வருகிறவர்கள் வெளியே நின்று ஒரு குரல் கொடுப்பார்கள். சின்னாத்தாள் வாங்க என்பார், வருவார்கள். கீரையும் கத்தரிக்காயும் எடுப்பதற்கு டவுனிலிருந்து வரும் கரீம் பாய்கூட, கேட் விரியத் திறந்து கிடந்தாலும், வண்டியை நிறுத்திவிட்டு, "அக்கா, வரலாமுங்களா?" என்று கேட்காமல் ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. அப்படி ஒருவர் கேட்கும்போதெல்லாம் சின்னாத்தாளுக்குப் பட்டா இன்னொரு தரம் கைக்கு வந்தது போல இருக்கும்.

இனி அரசாங்கத்தின் பக்கம் வருவோம். வேறு ஏதோ மாவட்டத்தில் வெள்ளம் வந்து சில ஊர்கள் மூழ்கியதால், எல்லா மாவட்டங்களிலும் வெள்ளத் தடுப்புத் தனிக்கோட்டம் என்று ஒன்றை அமைத்தார்கள். கோவைக் கோட்டத்துக்கு ஜீப் வந்தது, ஒயர்லெஸ் வந்தது, சுழல் நாற்காலி வந்தது. வெள்ளம் மட்டும் ஒதுக்கீடு ஆகவில்லை. செயற்பொறியாளர் லட்சுமணசாமி அதற்காக மனம் தளரவில்லை. ஊரில் உள்ள ஓடை, பள்ளம், வாய்க்கால் எல்லாவற்றிலும் அளவுக்கல் நட்டு, தினமும் காலையில் அளவைப் பார்த்து எழுத உத்தரவு போட்டார். கோரைப்பள்ளத்தில் முந்தைய உரிமையாளர் காலத்திலேயே கல் நட்டாயிற்று. சிவப்புக் கோடு வரை தண்ணீர் வந்தால் கீழே இருக்கும் குளத்தேரித் தெருவுக்கு ஆபத்து என்று அர்த்தம். பள்ளத்தில் அப்போது கோரைப்புல்லும் ஓணானும் மட்டுமே இருந்தன.

ஆனி மாதம் ஒரு காலையில் ஜீப் வந்தது. கொண்டியை நீக்கிக்கொண்டு உள்ளே வந்தது. தடம் குறுகலாக இருந்ததால் சின்ன வெங்காயப் பாத்திகளின் மேலேயே ஏறிப் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. கிணற்று மேட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த சின்னாத்தாள் ஈரக் கையோடு ஓடி வந்து, யார், என்ன என்று கேட்டார். உதவிப் பொறியாளர் பாலகோபால் விவரம் சொன்னார். கொடுமுடிப் பையன், வேலைக்குப் புதிது, நாயைக்கூட ங்க போட்டு விரட்டுகிறவர். வெள்ளத் தடுப்புக்காக எந்த நிலத்துக்குள்ளும் நுழைய அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு, அதற்கு முறைப்படி அறிவிப்பும் ஒட்டியிருக்கிறது என்றார். எங்கே என்று சின்னாத்தாள் கேட்டதற்கு, பள்ளத்தைப் பார்த்தபடி நின்ற வேப்பமரத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். உள்ளே நுழையப் போகிறோம் என்பதை முன்கூட்டியே அறிவிப்பதற்காக ஒருநாள் உள்ளே நுழைந்து ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

சின்னாத்தாள் நசுங்கிய வெங்காயத்தைப் பார்த்தார். நிமிர்ந்து பாலகோபாலிடம் சொன்னார்.

"கல்லு உங்களுதுதானுங்க, தெனமும் பாத்துக்குங்க. கேட்டுல நின்னு ஏனுங்கன்னு ஒரு சத்தங் குடுத்து, வரலாமான்னு கேட்டுட்டு வாங்க. அவ்வளவுதானுங்க."

பாலகோபாலுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் கேட்டுக்கு வெளியே இறங்கி நின்று, தொண்டையைக் கனைத்து, ஏனு என்பது வரை சொல்லிவிட்டார். பின்னால் நின்ற லட்சுமணசாமி அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சாலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நாம வரலாமான்னு கேட்டா, அந்தம்மா வாங்கன்னு சொல்லும். வாங்கன்னு சொல்ற வாய் நாளைக்கு வராதீங்கன்னும் சொல்லும். அப்புறம் எதுக்குச் சட்டம்? அரசாங்கம் யாரையும் கேக்காது பாலகோபால். தெரிவிக்கும். அதோட சரி."

இதைச் சொல்லிவிட்டு அவர் எதிரே இருந்த டீக்கடைக்குப் போய், ஏனுங்க, சர்க்கரை கம்மியா ஒரு டீ போடுங்க என்றார். கேட்டுக்கு உள்ளே நின்ற சின்னாத்தாளுக்கு அது நன்றாகக் காதில் விழுந்தது. டீக்கு இருக்கிற மரியாதை தன் நிலத்துக்கு இல்லை என்று அவர் முடிவு செய்தது அந்த இடத்தில்தான்.

அடுத்த திங்கட்கிழமை அவரும் காளிச்சாமியும் பஸ் ஏறி மனுநீதி நாளுக்குப் போனார்கள். மாவட்ட ஆட்சியர் மனுவைப் படித்து, ஓரத்தில் "சுமுகமாக முடிக்கவும்" என்று எழுதிக் கோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. கேட்காமல் நுழைந்தால் சுமுகம் இல்லை. கேட்டுவிட்டு நுழைந்தால் சட்டம் இல்லை. இரண்டும் கெடாமல் ஒரு பெண்பிள்ளையின் வெங்காயக் காட்டுக்குள் போவது எப்படி என்று லட்சுமணசாமி சுழல் நாற்காலியில் யோசித்தார். அரசு வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டார். 'ஏனுங்க' என்பது பார்வைக்கு விளி போலத் தோன்றினாலும் அதன் உள்ளே 'ஏன்' என்ற வினா ஒளிந்திருப்பதாகவும், வினா என்று வந்துவிட்டால் விடைக்கு இடம் கொடுத்ததாகிவிடும் என்றும், ஆகவே அரசு ஊழியர் பணி நேரத்தில் அதைத் தவிர்ப்பது நலம் என்றும் அவர் எழுதிக் கொடுத்தார்.

ஆகவே முதலில் ஹாரன் அடிப்பது என்று தீர்மானித்தார்கள். ஹாரனில் வினா எதுவும் ஒளிந்திருக்க முடியாது. கேட்டுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தி நன்றாக அழுத்தி அடித்தார்கள். சின்னாத்தாள் வரவில்லை. தன் பேர் ஹாரன் இல்லை என்று டீக்கடைக்காரரிடம் சொல்லியிருந்தார். ஆனால் அவருடைய எருமை, தவிட்டு வண்டி வந்துவிட்டதென்று நினைத்து, கயிற்றை அறுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றது. "உரிமையாளர் தரப்பில் எருமை ஒன்று ஆஜரானது, ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கவில்லை" என்று அறிக்கை போனது. எருமைக்கு எழுத்து மூலமான அதிகாரம் இருந்ததா என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததும் ஹாரனைக் கைவிட்டார்கள்.

அடுத்தது தண்டோரா. ஊரறிய முரசடித்து அறிவித்துவிட்டால் யாரையும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. இதற்காக லட்சுமணசாமி காளிச்சாமியைக் கோட்ட அலுவலகத்துக்கு வரச் சொன்னார். காளிச்சாமி, வெங்காயத்துக்கு ஏதோ வழி பிறக்கப் போகிறது என்று நினைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடி விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். தப்பட்டையை எடுத்துத் தன் கேட்டுக்கு முன்னால் தானே அடித்து, அரசாங்கம் உள்ளே வருகிறது என்று தனக்கே தெரிவித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கூலியும் உண்டு.

"வெளியாளைத் தேடறதுக்குப் பதிலா, பரம்பரையா கைக்கு வர்ற ஆளுகளே பண்ணிட்டா ரெண்டு பேருக்கும் லாபம்தானே?" என்றார் லட்சுமணசாமி. அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டு சொன்னார்.

காளிச்சாமி அதிகம் பேசாதவர். கொதிக்கும் இரும்பைக் கரண்டியில் ஏந்தி நடந்து பழகிய கையை முன்னால் நீட்டினார்.

"என்ர கைக்கு வர்றது வார்ப்படமுங்க. தப்பட்டை வேணுமுன்னா நீங்க பழகிக்குங்க. நல்லா வந்துச்சுன்னா சொல்லியுடுங்க, வந்து கேக்கறேன்."

பஸ்ஸில் வீடு திரும்பி, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, நடந்ததைச் சின்னாத்தாளிடம் சொன்னார். சாப்பிடவில்லை. அதுவரைக்கும் சின்னாத்தாளுக்கு, அந்தக் கொடுமுடிப் பையன் தினமும் வெயிலில் ஜீப்புக்குள் வெந்துகொண்டு கிடக்கிறானே, போனால் போகிறது, வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்ற இரக்கம் அவ்வப்போது எட்டிப் பார்த்ததுண்டு. அன்றைக்குப் பிறகு அது இல்லை.

ஆடியில் கோட்டம் புது வழி கண்டுபிடித்தது. பள்ளம் யாருடைய நிலமும் அல்ல, புறம்போக்கு. கீழேயிருந்து பள்ளத்துக்குள்ளேயே வந்தால் சின்னாத்தாளின் கேட் பக்கமே போக வேண்டாம். ஆனால் பள்ளத்தின் தரை வருவாய்த் துறையைச் சேர்ந்தது. அதில் நடப்பதற்கு அந்தத் துறையை அனுமதி கேட்க வேண்டும். கேட்பது இல்லை என்று ஏற்கெனவே கொள்கை முடிவு எடுத்தாயிற்று. தண்ணீர் வழியாக, கலத்தில் செல்வதற்கு மட்டும் தனிக்கோட்டத்துக்கு உரிமை இருந்தது. ஆகவே காவிரிக் கரையிலிருந்து லாரியில் ஒரு பரிசல் வந்தது.

பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆட்கள் பரிசலைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கலத்தில் அதிகாரி ஏறியிருந்தால்தான் அது பயணம், இல்லாவிட்டால் வெறும் சுமை என்று விதி இருந்ததால் பாலகோபால் உள்ளே உட்கார்ந்தார். மடியில் பதிவேடு, கையில் குடை. தினமும் காலையில் அந்த ஊர்வலம் கல்லுக்கு எதிரே வந்து நிற்கும். பாலகோபால் எட்டிப் பார்த்துப் பூஜ்யம் என்று எழுதுவார். ஊர்வலம் திரும்பிப் போகும். செம்மாண்டாம்பாளையத்துக்கு இதைப் பார்க்க ஆனைமலை, ஈரோட்டிலிருந்தெல்லாம் விருந்தாளிகள் வந்தார்கள்.

ஒருநாள் வெயில் தாங்காமல் பாலகோபாலுக்கு முகம் வெளிறிப் போயிருந்தது. வேலி இடைவெளியில் நின்ற சின்னாத்தாள், சித்த மோர் குடிக்கறீங்களா கண்ணு என்று கேட்டார். பாலகோபால் குனிந்து, பரிசலைத் தூக்கி நின்றவர்களைப் பார்த்தார். நிமிர்ந்து, மெதுவாக, "குடுங்க அம்மணி, இவிகளுக்கும் குடுங்க" என்றார். சின்னாத்தாள் சொம்பை நீட்டிக்கொண்டே, மோருக்கு வாய் வருகிறது, கேட்டில் நின்றால்தான் வரமாட்டேன் என்கிறது என்றார். பாலகோபால் குடித்தார். குடித்ததைப் பதிவேட்டில் எழுதவில்லை.

கோரைப்புல்லில் ஒருவருக்குக் கால் வழுக்கி, பரிசல் கவிழ்ந்து, பாலகோபாலுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதோடு அந்தப் பயணமும் முடிந்தது. படகு கவிழ்ந்த விபத்து என்று முறைப்படி தலைமைக்குத் தகவல் போனது. விபத்து நடந்த இடத்தில் நீரின் ஆழம் என்ற கேள்விக்குப் பூஜ்யம் என்று உண்மையை எழுதிவிட்டார்கள். அதற்கு வந்த பதில் கடிதத்தை லட்சுமணசாமி யாருக்கும் காட்டவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் நேரடியாகச் சின்னாத்தாளின் மீது, வெள்ளத் தடுப்புப் பணிக்கு இடையூறு செய்ததாகக் வருவாய்க் கோட்டாட்சியரிடம் புகார் கொடுத்தார்.

விசாரணைக்குச் சின்னாத்தாள் கரீம் பாயைச் சாட்சியாக அழைத்துப் போனார். கேட்டைப் பூட்டினீர்களா என்று கோட்டாட்சியர் கேட்டார். அதற்குப் பூட்டே இல்லை என்றார் சின்னாத்தாள். ஆளை மறித்தீர்களா? இல்லை. கல்லைப் பிடுங்கினீர்களா? அதற்கு மாட்டுச் சாணி படாமல் சுற்றிலும் முள் போட்டு வைத்திருப்பதே தான்தான் என்றார். கோட்டாட்சியர் குழம்பி லட்சுமணசாமியைப் பார்த்தார்.

லட்சுமணசாமி எழுந்து நின்றார். "இந்தம்மா கேட்டைத் திறந்து வெச்சே அரசாங்கத்தைத் தடுத்திருக்காங்க சார். பூட்டியிருந்தா உடைச்சிருப்போம். மறிச்சிருந்தா போலீஸ் வந்திருக்கும். எங்களை வாய் திறக்க வைக்கப் பாக்கறாங்க. அதுக்குச் சட்டத்துல இடமில்லை சார்."

கரீம் பாயிடம், நீங்கள் தினமும் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். உங்களை அப்படிக் கேட்கச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்றார்கள். கரீம் பாய்க்குக் கேள்வி புரியவில்லை. "கேக்காம ஒருத்தரு ஊட்டுக்குள்ள எப்படிங்க போறது?" என்று திருப்பிக் கேட்டார். சாட்சிக்குச் சட்ட அறிவு இல்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

கோட்டாட்சியர் நல்ல மனிதர், யாரையும் பகைக்க விரும்பாதவர். இரண்டு பக்கமும் பாதிக்காத ஒரு தீர்ப்பு எழுதினார். வெள்ளத் தடுப்பு ஊழியர்கள் நுழையும் நேரத்தில், நிலத்தின் உரிமையாளர் அந்த நிலத்தில் இல்லை என்று கருதப்படும். இல்லாத ஒருவரிடம் கேட்கவும் முடியாது, கேட்காமல் போனதாகக் குறை சொல்லவும் முடியாது.

மறுநாள் லட்சுமணசாமியே முன்னால் நடந்து வந்தார். கொண்டியை நீக்கினார். சின்னாத்தாள் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மிதிக்க வேண்டாம், இப்போதுதான் முளை விட்டிருக்கிறது என்றார். லட்சுமணசாமி நின்று, பாலகோபால், ஏதாவது சத்தம் கேட்டதா என்றார். பாலகோபால் தரையைப் பார்த்துக்கொண்டு, இல்லைங்க சார் என்றார். பூட்ஸ் நாற்றின் மேலேயே போனது. திரும்பி வரும்போதும் அதே வழியில் வந்தது.

ஆவணி, புரட்டாசி முழுக்க இப்படித்தான் நடந்தது. சின்னாத்தாள் பேசுவார், அவர்கள் கேட்க மாட்டார்கள். ஒருநாள் தடத்தின் குறுக்கே நின்று பார்த்தார். ஒரு மரத்தைச் சுற்றிப் போவது போல இரண்டு பக்கமும் பிரிந்து போனார்கள். அதை அவரால் தாங்க முடியவில்லை. பண்ணையத்தில் இருந்த காலத்தில்கூட அவரை ஏய் என்று கூப்பிட ஒரு ஆள் இருந்தது. தன் சொந்த மண்ணில், தன் பேரில் பட்டா இருக்கிற இடத்தில், தான் இல்லை என்று ஆகிப்போனதை நினைத்துக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதார். காளிச்சாமி, விட்டுவிடலாம் அம்மணி, பள்ளத்து ஓரமாகக் கொஞ்சம் நிலத்தை அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். சின்னாத்தாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டவுனுக்குப் போய் ஒரு நல்ல பூட்டு வாங்கி வரும்படி சொன்னார்.

ஐப்பசியில் ஒரு காலை. மலைப்பக்கம் வானம் கருத்துக் கிடந்தது. ஜீப் சாலையில் நின்றது. லட்சுமணசாமியும் பாலகோபாலும் டிரைவரும் உள்ளே போனார்கள். அவர்கள் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தபோது சின்னாத்தாள் வெளியே வந்து, கேட்டைச் சாத்தி, சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, எதிரே டீக்கடையில் காளிச்சாமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

திரும்பி வந்த லட்சுமணசாமி பூட்டைப் பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கும் சின்னாத்தாளைப் பார்த்தார். கூப்பிட்டால், இல்லாதவரைக் கூப்பிட்டதாகும். ஜீப் டிரைவர் பூட்டை உடைக்கலாமா என்று கேட்டதற்கு லட்சுமணசாமி பைக்குள்ளிருந்த சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நுழைவதற்கு எந்தத் தடையையும் நீக்கலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. வெளியேறுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வேலியைத் தாண்டலாம் என்றால் கிளுவை முள். அந்தப் பக்கம் பள்ளம், அதில் இறங்கி நடக்க வருவாய்த் துறையைக் கேட்க வேண்டும். "இருக்கட்டும், எவ்வளவு நேரம் ஆகும்னு பாப்போம்," என்று வேப்பமரத்தடியில், தன் அறிவிப்புக்குக் கீழேயே உட்கார்ந்தார்.

நண்பகல் வாக்கில் மழை பிடித்தது. மலையில் அதற்கு முன்பே கொட்டியிருக்க வேண்டும். முதலில் பள்ளத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. பிறகு சருகும் செம்மண்ணுமாகத் தண்ணீர் வந்தது. பாலகோபால் இடுப்புவலியை மறந்து கல்லுக்கு ஓடினார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பூஜ்யத்தைத் தவிர வேறு எண்ணை எழுதியறியாத கை பதிவேட்டில் வேகவேகமாக எழுதியது. எழுதி முடிப்பதற்குள் எண் பழசாகிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டு, அதை மூடிக்கொண்டு மேலே போனது.

பாலகோபால் கேட்டை நோக்கி ஓடினார். லட்சுமணசாமி அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். பாலகோபால் உதறினார்.

"கீழ தெருவுல ஆளுக இருக்காங்க சார்."

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழைக்கு மேலே கேட்கும்படி, "ஏனுங்க அம்மணி, தண்ணி செவப்பைத் தாண்டிருச்சுங்க, கேட்டைத் தொறங்க!" என்று கூப்பிட்டார்.

அவர் முடிப்பதற்கு முன்பே சின்னாத்தாள் சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். முடிச்சு ஈரத்தில் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்துப் பூட்டைத் திறந்தார். குளத்தேரித் தெருவில்தான் கரீம் பாய் வீடு. காளிச்சாமி டீக்கடைக்காரருடைய மொபெட்டை எடுத்துக்கொண்டு, தலைக்கு ஒரு யூரியாச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினார்.

லட்சுமணசாமி ஜீப்புக்கு வந்து ஒயர்லெஸ்ஸை எடுத்தார். மறுமுனையில் தகவலைக் கேட்டவர், முறைப்படி விவரங்களைக் கேட்க ஆரம்பித்தார். அளவு எடுத்தபோது உரிமையாளர் இருந்தாரா? இல்லை என்று கருதப்பட்டார். வெளியே எப்படி வந்தீர்கள்? கேட் திறக்கப்பட்டது. யாரால்? இல்லை என்று கருதப்பட்டவரால். இல்லாத ஒருவரால் திறக்கப்பட்ட கேட் வழியாக வந்த தகவலை ஏற்க முடியாது என்று மறுமுனை தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில், காளிச்சாமி குளத்தேரித் தெருவில் வீடு வீடாகத் தட்டிக்கொண்டிருந்தார். கரீம் பாய் பள்ளிவாசலுக்கு ஓடி மைக்கில் சொன்னார். கைப்பிள்ளைகளையும் கிழடுகட்டைகளையும் பள்ளிவாசல் மாடியில் ஏற்றினார்கள். வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. பாத்திரமும் பாயும் ஆடுகளும் போயின. ஆள் ஒருவரும் போகவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு பத்திரிகைகளில் செய்தி வந்தது. தனிக்கோட்டத்தின் இடைவிடாத கண்காணிப்பால் ஒரு தெரு முழுக்கக் காப்பாற்றப்பட்டதாகவும், செயற்பொறியாளர் கொட்டும் மழையில் காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு நகராமல் இருந்ததாகவும் எழுதியிருந்தார்கள். நகராமல் இருந்தது உண்மைதான். பாலகோபாலுக்கு, பணி நேரத்தில் வினா எழுப்பியதற்காக விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, தினமும் காலையில் தனியாகச் சைக்கிளில் வந்து, கேட்டில் நின்று, ஏனுங்க அம்மணி என்றார். வாங்க கண்ணு என்றார் சின்னாத்தாள். பாலகோபால் பாத்தி ஓரமாகப் பார்த்து நடந்து போய்க் கல்லைப் பார்த்துவிட்டுப் போனார்.

கார்த்திகையில் லட்சுமணசாமிக்குப் பாராட்டு விழா ஏற்பாடானது. அமைச்சர் வருகிறார். தெருவைக் காப்பாற்றிய கல்லுக்கு அவர் கையால் மாலை. கல்லுக்கு முன்னால் மேடை, பந்தல், மைக். எல்லாவற்றுக்கும் இடம் சின்னாத்தாளின் வெங்காயக் காடு. உத்தரவு தட்டச்சாகும் நேரத்தில் அரசு வழக்கறிஞர் ஒரு சந்தேகத்தை எழுப்பினார். வெள்ளத் தடுப்புக்குத்தான் சட்டத்தில் அதிகாரம். விழாவுக்கு இல்லை. விழா நடத்துவதானால் உரிமையாளர் நிலத்தில் இருப்பதாகவே கருத வேண்டும். இருப்பவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆகவே லட்சுமணசாமி வந்தார். ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கையில் தட்டு, அதில் வாழைப்பழம், வெற்றிலை, ஒரு சேலை. கேட் கொண்டி போடாமல்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் போல, தடுமாறாமல், நல்ல கொங்குத் தமிழில், "ஏனுங்க அம்மணி, உள்ள வரலாமுங்களா?" என்றார்.

சின்னாத்தாள் வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து, கையிலிருந்த மண்ணைத் தட்டி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டுக்கு வந்தார். காளிச்சாமியும் பின்னால் வந்து நின்றார். லட்சுமணசாமி விழாவைப் பற்றி, அமைச்சரைப் பற்றி, சின்னாத்தாளுக்கும் மேடையில் ஒரு நாற்காலி போடுவதைப் பற்றி எல்லாம் ங்க குறையாமல் சொன்னார். சின்னாத்தாள் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மனதில் எங்கோ ஒரு சின்னச் சந்தோஷம் வந்து போனதை அவர் மறைக்கவில்லை.

"வேண்டாமுங்க," என்றார்.

லட்சுமணசாமிக்கு விளங்கவில்லை. தட்டைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். தான் முறைப்படி வெளியே நின்றதையும், கேட்டதையும் நினைவுபடுத்தினார்.

"இப்பத்தான் கேட்டனேங்க?"

"கேட்டீங்க. அதனாலதானுங்க பதில் சொல்றேன். வராதீங்க."

சொல்லிவிட்டுச் சின்னாத்தாள் களை எடுக்கப் போனார். காளிச்சாமி இன்னும் சிறிது நேரம் அங்கேயே நின்றார். லட்சுமணசாமியும் தட்டோடு நின்றார். திறந்து கிடந்த கேட் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. பிறகு காளிச்சாமி, போயிட்டு வாங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திருப்பப் போனார்.